‘வயது ஒரு தடையல்ல’ என்னும் தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவந்தோறும் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களிலும் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. மகளோடு சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் தேறிய தாய், பணி ஓய்வுக்குப் பின் சட்டம் படித்துக் கறுப்பு அங்கி அணிந்த அலுவலர், பேரன் கைபிடித்துப் பட்டமளிப்பு விழா மேடையேறிய பெரியவர் என்று ஆட்கள் மாறுவார்கள். இனிப்பு ஊட்டும் படமும் ‘சாதிக்க வயது ஒரு தடையல்ல’ என்ற தலைப்பும் மாறுவதில்லை. இத்தகைய செய்திகளை வெளியிடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தலைப்பில் உள்ள கூற்று உண்மையல்ல என்பதைச் சுட்டவே இக்கடிதம். வயது தடைதான், எந்த வேலைக்கு எந்த வயதில் தடை தொடங்குகிறது என்பதை அரசே தன் அறிவிக்கைகளில் தெளிவாக அச்சிட்டு வெளியிடுகிறது.

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், கோவில்பட்டி வட்டாரத்தில் தனித்தேர்வர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள். தீப்பெட்டி ஆலைகளில் குச்சி அடுக்கியும் வீட்டில் பெட்டி ஒட்டியும் பிழைத்தவர்கள். ஆலைகள் முழு இயந்திரத்துக்கு மாறிய பிறகு கைவேலை குறைந்துபோயிற்று. போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் லைட்டர் வந்து சந்தையையும் சுருக்கிவிட்டது. ‘நடுவயதில் புதிய வாழ்க்கை’ என்று ஞாயிறு இணைப்புகளில் எழுதும்போது ஏதோ மனம் விரும்பி மேற்கொள்ளும் பயணம் போலத் தோன்றும். இவர்களுக்கு அது விருப்பம் சார்ந்ததன்று. கையில் இருந்த தொழில் போய்விட்டதால் வேறொன்றைக் கற்றாக வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழாவது வேண்டும்.

அந்தச் சான்றிதழை அடையும் வழியில் வயது வரம்பு இல்லை என்பது பாராட்டுக்குரியது. எட்டாம் வகுப்புக்கான தனித்தேர்வை எழுதப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்களே தவிர, அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அதில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்களையும் எழுதித் தேறி, பிறகு பத்தாம் வகுப்புக்கு வரலாம். ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. அதற்கான பயிற்சி வகுப்புக்குத் தனியாக, தேர்வு விண்ணப்பம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாகப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகும் நாளில்தான் ‘செய்முறைக்குப் பதிஞ்சீங்களா?’ என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஓர் ஆண்டு போயிற்று. பதிந்தவருக்கோ ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாள் கூலி.

என்னிடம் படித்த ஒருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் தீப்பெட்டி வேலை பார்த்தவர். செய்முறை வகுப்புக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியின் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், அங்கிருந்த மாணவிகள் எழுந்து நின்று ‘வணக்கம் டீச்சர்’ என்றார்களாம். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி முக்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். சாராய விளக்கைப் பற்றவைக்கச் சொன்னபோது மாணவிகள் மூன்று குச்சி, நான்கு குச்சி என்று வீணாக்க, இவர் ஒரே உரசலில் ஏற்றினாராம். ‘எந்தக் குச்சியில் மருந்து நல்லா ஏறியிருக்குன்னு பார்த்தாலே தெரியும் சார்’ என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அமிலத்தையும் காரத்தையும் லிட்மஸ் தாளில் பிரித்தறிவது அவருக்கு ஒரே வகுப்பில் பிடிபட்டுவிட்டது. ஆங்கிலம்தான் படாத பாடு படுத்தியது. துணைத்தேர்வில் அதையும் தாண்டிச் சான்றிதழை வாங்கினார்.

2025 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியிடங்களுக்கான அறிவிக்கை வந்தது. மாநிலம் முழுவதும் 7,783 இடங்கள். உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மையமோ அவர் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். வயது வரம்பு 20 முதல் 40 வரை. அவருக்குச் சான்றிதழ்ப்படி 41. கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் 45 வரை தளர்வு உண்டு. அது நியாயமானது, இருக்கவே வேண்டும். இவருடைய கணவர் உயிரோடு இருக்கிறார். முதுகுத்தண்டுக் கோளாறால் சுமை தூக்கும் வேலையை விட்டுவிட்டார். விதியில் அதற்கு இடமில்லை. பள்ளிச் சத்துணவு மையங்களில் சமையல் உதவியாளர் வேலைக்குப் போகலாமே என்றால் அதற்கும் உச்ச வரம்பு 40தான். சென்னையில் பெண்களுக்காகத் தொடங்கிய இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டத்திலும் 45இல் கதவு சாத்தப்படுகிறது.

இந்த 41 என்ற எண் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் பிறந்தவர். பிறப்புப் பதிவு கிடையாது. அந்தக் காலத்து வழக்கப்படி, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டதால் ஐந்து வயது நிரம்பியது என்று கணக்கிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். இவ்வாறு ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் தமிழகக் கிராமங்களில் எத்தனை லட்சம் பேரோ! கை கொஞ்சம் நீளமாக இருந்த குழந்தைக்கு ஒரு வயது கூடிவிடும். பெருமழை பெய்து கண்மாய் உடைந்த ஆண்டுதான் தான் பிறந்தது என்று அவருடைய தாய் சொல்வதாகவும், அப்படியானால் இன்னும் நாற்பது தாண்டவில்லை என்றும் அவர் வாதாடிப் பார்த்தார். காதைத் தொட்டுத் தீர்மானித்த வயதை, நாள் கணக்குப் பார்த்துத் தகுதிநீக்கம் செய்ய இன்று பயன்படுத்துகிறோம்.

வயது வரம்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. காவல் பணிக்கும் தீயணைப்புப் பணிக்கும் உடல்திறன் வேண்டும். ஆனால் குழந்தைகளுக்குச் சோறூட்டி, பாயை விரித்து, மையத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையை நாற்பதைத் தாண்டிய பெண் செய்ய முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. இரண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்து முடித்தவர் அதை இன்னும் நன்றாகவே செய்வார். பணிக்காலம் குறைந்துவிடும் என்று சொல்வார்களானால், அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58இலிருந்து 2020இல் 59ஆகவும் மறு ஆண்டில் 60ஆகவும் உயர்த்தியது இதே அரசு இயந்திரம்தான். வெளியேறும் வாசலைத் தள்ளிவைத்த அளவுக்கு நுழைவாயிலைத் தள்ளிவைக்கவில்லை. பெருந்தொற்றை முன்னிட்டு 2021இல் நேரடி நியமனத்துக்கான உச்ச வயதை 30இலிருந்து 32 ஆக்கினார்கள், அவ்வளவே. நாற்பத்தைந்தில் வேலைக்குச் சேர்பவருக்கும் அறுபது வரை பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன.

வரம்பைத் தளர்த்தினால் நிர்வாகம் குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விதிகளே காட்டுகின்றன. நான்காம் தொகுதித் தேர்வில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. அந்தத் தகுதிக்கு மேல் படித்திருந்தால், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, மகன் வயதுடைய அதிகாரியிடம் கோப்பு நீட்டுபவர்களை நாம் பார்க்கிறோம். அலுவலகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு விநோதம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு வயது பொருட்டில்லை. பத்தாம் வகுப்போடு நிற்பவருக்கு அது மதில்சுவர். யாருக்குக் கல்வி மிகத் தாமதமாகக் கிடைத்ததோ அவர்கள்மீதுதான் விதி மிகக் கடுமையாக இறங்குகிறது. ஆகவே என்னிடம் வருபவர்களிடம் பத்தாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள், எப்படியாவது பன்னிரண்டையும் முடித்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

வரிசை மாறக் கூடாது என்பதும் முக்கியம். பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே, வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வழியாகப் பட்டம் பெற ஒரு காலத்தில் ஏராளமானோர் சேர்ந்தார்கள். கட்டணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்புக்குப் போய், முதுகலைவரை படித்தவர்கள்கூட உண்டு. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் பெறாத பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்தது. தர அளவுகோல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை வழங்கியவையும் சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள்தாமே? சேரும்போது அந்தப் படிவத்தில் ‘இப்பட்டம் அரசு வேலைக்கு உதவாது’ என்று ஒரு வரி பெரிய எழுத்தில் இருந்திருந்தால், பலரும் தனித்தேர்வு வழியில் போயிருப்பார்கள். முப்பது வயதில் ஏமாந்தவருக்கு நாற்பதில் மறுபடி பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்கும் தெம்பு இருப்பதில்லை.

ஆண்களின் நிலை வேறு விதமானது. அவர்கள் தனித்தேர்வுக்கு அதிகம் வருவதில்லை. தொழில் கற்கவே விரும்புகிறார்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்கள் எந்த வயதிலும் சேரலாம். ஆண்களுக்கு 40 வரைதான். பெண்களுக்கு வரம்பை நீக்கியது போலவே ஆண்களுக்கும் நீக்குவதற்கு என்ன தடை என்று புரியவில்லை. இடமில்லை என்றும் சொல்ல முடியாது; ஆண்டுதோறும் நேரடிச் சேர்க்கைக்குக் கால நீட்டிப்பு அறிவித்துக்கொண்டே போகிறார்கள். உண்மையில் நாற்பது வயதுக்காரரைத் தடுப்பது வயது விதி மட்டுமன்று. பயிற்சி பகலில் நடக்கிறது. மாத உதவித்தொகை 750 ரூபாய். பதினேழு வயதுப் பையனுக்கு அது கைச்செலவுக்கு ஆகும். விலையில்லா மிதிவண்டியும் சீருடையும் உதவும். இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர், ஓராண்டோ ஈராண்டோ கூலியில்லாமல் வெல்டிங் கற்றுக்கொள்ளப் போவதெப்படி? பட்டயப் படிப்பு முடித்துவிட்டு ஆலையில் வேலை செய்பவர்கள் மாலை வகுப்பில் பொறியியல் பட்டம் பெறுவதற்கென்று கோவை, சேலம், திருநெல்வேலி, காரைக்குடி முதலிய ஊர்களின் கல்லூரிகளில் பகுதிநேரப் படிப்பு பல்லாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. மேற்பார்வையாளர் பொறியாளராகலாம் என்று யோசித்த அரசுக்கு, கூலித் தொழிலாளி மின்பணியாளர் ஆவதற்கும் ஒரு மாலைப்பள்ளி வேண்டுமென்று தோன்றாதது வியப்பு.

இடங்கள் உண்மையிலேயே அரிதாக உள்ள துறைகளில் கேள்வி சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2022 ஜனவரியில், தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட் தேர்வில் தேறி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு வந்துவிட்டு, இளைய மாணவர் ஒருவருக்கு வழிவிட்டு விலகினார். மருத்துவராகும் மகனே அவ்வாறு அறிவுறுத்தியதாக அப்போது செய்தி வந்தது. அவர் முடிவு பெருந்தன்மையானது. அதில் நியாயமும் உண்டு. நீட் தேர்வுக்கு 2017இல் விதித்த உச்ச வயது வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் அதே 2022இல் கைவிட்டபோதும் எனக்கு முழு உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் மருத்துவ இடத்துக்குப் பொருந்தும் நியாயத்தை, ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடக்கும் பயிற்சி இருக்கைக்கும், துடைப்பமும் கரண்டியும் பிடிக்கும் வேலைக்கும் நீட்டுவது பொருந்தாது.

அண்டை மாநிலமான கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாள் 96ஆம் வயதில், 2018இல், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியதை நம் இதழ்கள் எல்லாம் வெளியிட்டன. அவர் பெற்ற மதிப்பெண் நமக்கு நினைவிருக்கிறது. அந்தத் தேர்வை நடத்திய மாநில எழுத்தறிவு இயக்கம், நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என நான்கு நிலைகளிலும் பெரியவர்களுக்கான சமநிலைக் கல்வியை நடத்தி வருவதை எத்தனை பேர் அறிவோம்? மலையாள நடிகர் இந்திரன்ஸ், தையல்காரராக இருந்து திரைக்கு வந்து தேசிய அளவில் பாராட்டுப் பெற்ற பின்னர், பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்பில் சேரப் போனார். ஏழாம் வகுப்பு தேறாமல் அதில் சேர முடியாது என்றார்கள். அவரும் 2024இல் ஏழாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறினார். அங்கேயும் விதி விதிதான். ஆனால் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அதை நிறைவேற்றிக்கொள்ள ஒரு வகுப்பும் நடக்கிறது. இங்கே எழுத்தறிவற்றவர்களுக்கான திட்டங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடக் கற்றவரை அங்கிருந்து பத்தாம் வகுப்புவரை கைப்பிடித்து அழைத்துச் செல்ல அரசு ஏற்பாடு என்று சொல்லத்தக்கதாக எதுவும் எங்கள் வட்டாரத்தில் இல்லை. என்னைப் போன்ற ஓய்வூதியர்களும், விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றித் தரும் ஜெராக்ஸ் கடைக்காரர்களுமே ஏற்பாடு.

தமிழகத்துக்கு இது தெரியாத வித்தையுமன்று. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர் என்று ஆயிரமாயிரம் பெண்கள் வளர்ந்த பிறகு சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான வண்டி போதாததால் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதும் ஒரு வசதி. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஆட்சியரே முயன்றார். ஊரே சேர்ந்து பழகியதால் யாரும் தனியொருவராகச் ‘சாதனைப் பெண்’ ஆகவில்லை; கேலி பேசியவர்களும் எத்தனை பேரைத்தான் கேலி செய்வார்கள்! செய்தித்தாளில் படம் வரும் அளவுக்கு ஒருவர் அரிதாக இருக்கிறார் என்றால், மற்றவர்களுக்கு வழி அடைபட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

எனவே அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதல்ல. எட்டாம் அல்லது பத்தாம் வகுப்பைக் கல்வித் தகுதியாகக் கொண்ட அங்கன்வாடி, சத்துணவுப் பணிகளுக்கு, அந்தத் தகுதியை வளர்ந்த பின் தனித்தேர்வராகப் பெற்றவர்கள் ஐம்பது வயது வரை விண்ணப்பிக்க விதிகளைத் திருத்த வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கான வரம்பை நீக்குவதோடு, மாவட்டத்துக்கு ஒன்றிலாவது மின்பணி, குழாய்ப்பணி, வெல்டிங் ஆகியவற்றுக்கு மாலை வகுப்பு தொடங்க வேண்டும். செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தால் கூலி இழப்பு நேராது. இவற்றில் முதலாவதற்குச் செலவே இல்லை. ஓர் அரசாணை போதும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதியும் அறிவிப்பும், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு அறிவிப்பும் உள்பக்க மூலையில் நான்கு வரிச் செய்தியாக, பெரும்பாலும் கடைசித் தேதி நெருங்கும்போதுதான் வருகின்றன. அவற்றை அறிவிப்பு வந்த மறுநாளே மாவட்டப் பக்கத்தின் மேற்பகுதியில், யார் விண்ணப்பிக்கலாம், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்னென்ன சான்றுகள் வேண்டும் என்ற விவரத்தோடு கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன். தீப்பெட்டி ஆலைகளில் மதிய உணவு நேரத்தில் ஒரே நாளிதழைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.